27க்கு 2: எட்வர்ட் ஃப்ரீஸ் உயர் ரத்த அழுத்தத்தில் நிறுவியது என்ன?

1967 டிசம்பர் 11 தேதியிட்ட அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஏழு பக்கக் கட்டுரை ஒன்று வெளியானது. ஆசிரியர் என்ற இடத்தில் தனி மனிதர் பெயர் இல்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர் நிர்வாகத்தின் கூட்டாய்வுக் குழு என்று மட்டும் இருந்தது. உள்ளடக்கம் எளிமையானது. கீழழுத்தம், அதாவது ரத்த அழுத்த அளவில் இதயம் தளரும்போது பதியும் கீழ் எண், 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். 73 பேருக்கு மருந்து கொடுத்தார்கள். 70 பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத போலி மாத்திரை. சராசரியாக ஒன்றரை ஆண்டு கடந்தபோது போலி மாத்திரைக் குழுவில் 27 கடுமையான பாதிப்புகள் நேர்ந்திருந்தன. மருந்துக் குழுவில் 2. முதல் குழுவில் நால்வர் இறந்துபோனார்கள். இரண்டாவதில் ஒருவரும் இல்லை.

அந்தக் குழுவின் தலைவர் எட்வர்ட் டேவிட் ஃப்ரீஸ். அவர் பெயரில் ஒரு நோய் இல்லை, ஒரு கருவி இல்லை. ஆய்வில் பயன்படுத்திய மூன்று மருந்துகளில் ஒன்றைக்கூட அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கும் எந்த மருத்துவரும், அறிந்தோ அறியாமலோ, அந்த ஏழு பக்கங்களின் பலத்தில்தான் எழுதுகிறார். மருந்து கையில் வந்து பத்தாண்டு ஆன பிறகும் அதைக் கொடுக்கலாமா கூடாதா என்று மருத்துவ உலகம் தயங்கி நின்ற ஒரு காலம் இருந்தது. அந்தத் தயக்கத்தை ஒரு மனிதர் எப்படி உடைத்தார், எந்த அளவுக்கு உடைத்தார் என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

தொடாமல் விடுவதே நல்லது என்ற நம்பிக்கை

இன்றைக்கு விசித்திரமாகத் தோன்றும் ஒரு கருத்திலிருந்து தொடங்க வேண்டும். 1930களில் தேர்ந்த இதய மருத்துவர்கள் பலர், உயர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பது ஆபத்து என்று நம்பினார்கள். லிவர்பூல் பேராசிரியர் ஜான் ஹே 1931இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியதன் சாரம் இது: ரத்த அழுத்தம் உள்ளவருக்கு மிகப் பெரிய ஆபத்தே அது கண்டுபிடிக்கப்படுவதுதான், ஏனென்றால் எவனாவது ஒரு முட்டாள் அதைக் குறைக்கப் பார்ப்பான். அமெரிக்க இதயவியலின் முன்னோடியான பால் டட்லி ஒயிட்டும் ஏறக்குறைய இதையே சொன்னார். உயர்ந்த அழுத்தம் உடல் தனக்குத் தானே செய்துகொள்ளும் ஈடுகட்டலாக இருக்கலாம். அதில் கைவைக்கக் கூடாது என்பது அவர் எச்சரிக்கை.

இவர்களை மூடர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்களின் வாதத்துக்கு ஓர் உடலியல் இருந்தது. வயதாக ஆக நாளங்கள் சுருங்கித் தடிக்கின்றன. சுருங்கிய குழாய் வழியே சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் போதிய ரத்தம் போக வேண்டுமானால் இதயம் கூடுதலாகத்தான் அழுத்த வேண்டும். அந்த அழுத்தத்தைக் குறைத்தால் உறுப்புகள் பட்டினி கிடக்கும். காகிதத்தில் பார்த்தால் ஓட்டையில்லாத தர்க்கம்.

அந்தத் தர்க்கத்துக்கு உலகறிந்த நோயாளி ஒருவர் வாய்த்தார். 1944 மார்ச் மாதம் ஹோவர்ட் ப்ரூயன் என்ற இளம் கடற்படை இதய மருத்துவர் அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைப் பரிசோதித்தார். அழுத்தம் 186/108. இதயம் வீங்கியிருந்தது, செயலிழப்பின் அறிகுறிகள் தெளிவாக இருந்தன. அதுவரை அதிபரின் மருத்துவராக இருந்தவர் காது மூக்குத் தொண்டை நிபுணரான ராஸ் மெக்கின்டயர்; வயதுக்கு இது இயல்புதான் என்ற தோரணையில் அவர் செய்தியாளர்களைச் சமாளித்துவந்தார். ப்ரூயனிடமும் கொடுப்பதற்கு என்ன இருந்தது? இதயத்துக்கு டிஜிட்டாலிஸ், உப்பில்லாச் சாப்பாடு, தூக்கத்துக்கு மாத்திரை, ஓய்வு, சிகரெட்டைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை. 1945 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியாவின் வார்ம் ஸ்ப்ரிங்ஸில் மூளைக்குள் ரத்தம் கசிந்து ரூஸ்வெல்ட் இறந்தார். அப்போது அளந்த மேலழுத்தம் 300ஐத் தொட்டிருந்தது. இந்தக் குறிப்புகளை ப்ரூயன் வெளியிட்டது 1970இல். ஃப்ரீஸ் குழுவின் இரண்டாவது கட்டுரை வந்ததும் அதே ஆண்டுதான்.

ரூஸ்வெல்ட்டைவிட மோசமான நிலையும் உண்டு. விழித்திரையில் வீக்கமும் ரத்தக் கசிவும் தோன்றி, சிறுநீரகம் வேகமாகக் கெடும் கடும் வகை. 1939இல் மேயோ மருத்துவமனையின் கீத், வேகனர், பார்க்கர் மூவரும் வெளியிட்ட கணக்கில், அந்த நிலையை எட்டிய 146 பேரில் ஓராண்டு தாண்டியவர்கள் 21 சதவீதம். பல புற்றுநோய்களைவிடக் கொடிய எண் அது.

பாஸ்டனில் ஒரு மலேரியா மருந்து

ஃப்ரீஸ் 1912இல் சிகாகோவில் பிறந்தார். அரிசோனா பல்கலைக்கழகத்தில் பட்டம், 1940இல் நியூயார்க்கின் கொலம்பியாவில் மருத்துவப் பட்டம். போர் முடிந்ததும் பாஸ்டனில் இவான்ஸ் நினைவு ஆய்வுத் துறையில் ராபர்ட் வில்கின்ஸிடம் சேர்ந்தார். வில்கின்ஸ் ரத்த ஓட்டத்தை அளப்பதில் கெட்டிக்காரர். அதே நகரில் ரெஜினால்ட் ஸ்மித்விக் நாளங்களைச் சுருங்கச் செய்யும், முதுகெலும்பை ஒட்டிய பரிவு நரம்புகளை வெட்டியெடுத்து அழுத்தத்தைக் குறைத்துவந்தார். பெரிய, வலிமிகுந்த அறுவை சிகிச்சை. எழுந்து நின்றால் மயக்கம் வரும். ஆனால் ஸ்மித்விக்கின் நோயாளிகளில் சிலர் நன்றாகத் தேறினார்கள். அழுத்தத்தைக் குறைத்தும் அவர்களின் உறுப்புகள் பட்டினியால் சாகவில்லை. இதைக் கவனித்தவர்களில் ஃப்ரீஸும் ஒருவர்.

அறுவை செய்யும் வேலையை மருந்தால் செய்ய முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. போர்க்காலத்தில் மலேரியாவுக்காகச் சோதிக்கப்பட்ட பென்டாகுவின் என்ற மருந்து, அதிக அளவில் கொடுத்தபோது எடுத்துக்கொண்டவர்களை எழுந்து நிற்கவிடாமல் தலைசுற்ற வைத்தது. மலேரியா மருத்துவர்களுக்கு அது தொல்லை. பாஸ்டனில் துறைத் தலைவராக இருந்த செஸ்டர் கீஃபர், இதை ரத்த அழுத்தக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாமே என்று ஃப்ரீஸிடம் சொன்னார்.

கடும் வகை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அழுத்தம் இறங்கியது. விழித்திரை வீக்கம் வடிந்தது. ஃப்ரீஸும் வில்கின்ஸும் இதை 1947இல் வெளியிட்டார்கள். மருந்து தாங்க முடியாத பக்க விளைவுகள் கொண்டது. நீண்ட நாள் கொடுக்க வழியே இல்லை. ஆனாலும் அதன் முக்கியத்துவம் வேறிடத்தில் இருந்தது. உயர்ந்த அழுத்தம் கேட்டின் அடையாளமா, கேட்டின் காரணமா என்ற வழக்கில், மருந்து தந்த முதல் சாட்சியங்களில் அது ஒன்று. அழுத்தத்தை மட்டும் இறக்கினால் கேடும் பின்வாங்குகிறது என்றால், அது வெறும் அடையாளமாக இருக்க முடியாது.

1949இல் ஃப்ரீஸ் வாஷிங்டனில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்குப் போனார். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்திலும் பொறுப்பு. தம் வாழ்நாள் ஆய்வை அந்த மருத்துவமனையை மையமாக வைத்தே செய்தார். பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் பகட்டு அந்த மருத்துவமனைக்கு இல்லை. ஆனால் வேறெங்கும் கிடைக்காத ஒன்று இருந்தது: நாடெங்கும் ஒரே நிர்வாகத்தின் கீழ் மருத்துவமனைகள், ஒரே மாதிரிப் பதிவேடுகள், ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் நோயாளிகள். இதன் மதிப்பு பிறகுதான் தெரியவந்தது.

மருந்துகள் வந்தன, தெளிவு வரவில்லை

1950களை மருந்துகளின் பத்தாண்டு என்று சொல்லலாம். முதலில் வந்தது ஹெக்ஸாமெத்தோனியம். லண்டனில் பேட்டனும் ஸைமிஸும் அதன் செயலை விளக்கினார்கள். நியூசிலாந்தில் ஸ்மிர்க் நோயாளிகளுக்குக் கொடுத்தார். அமெரிக்காவில் ஃப்ரீஸ் அதைச் சோதிக்க எடுத்துக்கொண்டார். தானியங்கு நரம்புகளின் சந்திப்புகளை அது ஒட்டுமொத்தமாக அடைத்துவிடும். அழுத்தம் இறங்கும், கூடவே குடல் அசையாது, சிறுநீர் பிரியாது, பார்வை மங்கும், ஆண்மை போகும், நின்றால் விழுவார்கள். சாகவிருந்தவர்கள் மட்டுமே இதைப் பொறுத்துக்கொள்வார்கள். நாற்பது வயதில் எந்தத் தொந்தரவும் தெரியாமல் வேலைக்குப் போய்வரும் ஒருவரிடம் இதை நீட்டினால் அவர் திரும்பி வரமாட்டார்.

இந்த மருந்தை வைத்து ஃப்ரீஸ் செய்த இன்னொரு கவனிப்பைப் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு நாளங்களைத் தளர்த்தியபோது இதயம் வெளியேற்றும் ரத்தம் கூடியது. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாஷிங்டனில் அவரோடு பணியாற்றிய ஜே கோன், 1986இல் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளிலேயே நடத்திய ஆய்வில் நாளத் தளர்த்திகள் இதயச் செயலிழப்பில் உயிர் காக்கும் என்று காட்டினார். இடையில் முப்பதாண்டுக்கு மேல் ஆயிற்று.

அடுத்து வந்தது நம் நாட்டு வேர். சர்ப்பகந்தி என்று ஆயுர்வேதத்தில் வழங்கும் செடியைத் தூக்கமின்மைக்கும் மனக்கொதிப்புக்கும் இந்திய வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்தார்கள். பம்பாயின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல், 50 ரத்த அழுத்த நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த விவரத்தை 1949இல் பிரிட்டிஷ் இதய இதழில் வெளியிட்டார். அதைப் படித்த பாஸ்டன் வில்கின்ஸ் மருந்தை அமெரிக்காவுக்கு வரவழைத்துச் சோதித்தார். 1952இல் ஸ்விட்சர்லாந்தின் சிபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. வகீல் 1957இல் அமெரிக்காவின் உயரிய மருத்துவ ஆய்வு விருதான லாஸ்கர் பரிசு பெற்றார், வில்கின்ஸ் 1958இல். பதினைந்தாண்டு கழித்து ஃப்ரீஸின் ஆய்வில் முன்னாள் படைவீரர்கள் விழுங்கிய மாத்திரையில் வகீலின் வேர் இருந்தது. இந்த மருந்தின் வரலாறு சொல்லும்போது பம்பாயை ஒரே வரியில் கடந்துபோகும் வழக்கம் எனக்கு எப்போதும் எரிச்சல் ஊட்டும்.

மூன்றாவது, ஹைட்ரலசின். நாளச் சுவரின் தசையையே தளர்த்தும். தனியே கொடுத்தால் நெஞ்சு படபடக்கும்.

நான்காவதுதான் திருப்புமுனை. டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் 1939 முதல் நோயாளிகளுக்கு உப்பில்லாத அரிசிச் சோறும் பழமும் சர்க்கரையும் மட்டும் கொடுத்து அழுத்தத்தைக் குறைத்துக் காட்டியிருந்தார். உப்பை அந்த அளவுக்குத் தவிர்த்தால் குறையும் என்பது தெரிந்தது. அப்படி எத்தனை நாள் சாப்பிட முடியும் என்பதும் தெரிந்தது. மெர்க் நிறுவனத்தில் கார்ல் பேயரின் குழு சல்ஃபா மருந்துகளின் வேதியியலிலிருந்து கிளைத்து, உப்பைச் சிறுநீரில் வெளியேற்றும் குளோரோதயசைடு என்ற மாத்திரையை உருவாக்கியது. ஃப்ரீஸ் குழு வாஷிங்டனிலும், வில்கின்ஸ் குழு பாஸ்டனிலும், 1957இல் தனித்தனியே அதைச் சோதித்தன. அழுத்தம் இறங்கியது. மற்ற மருந்துகளோடு சேர்த்தால் அவற்றின் அளவைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. மயக்கமில்லை, குடல் அடைப்பில்லை. இனி எந்தத் தொந்தரவும் உணராத மனிதரிடம்கூட இதை நீட்டலாம்.

நீட்டினார்களா? இங்குதான் வழக்கு சிக்கலாகிறது. 1958க்குப் பிறகு நல்ல மருந்து கடையில் கிடைத்தது. கடும் வகை நோயாளிகளைக் காப்பாற்றுகிறது என்பதில் ஓரளவு உடன்பாடும் இருந்தது. ஆனால் கோடிக்கணக்கானோர் அந்தக் கடும் வகையில் இல்லை. அழுத்தம் உயர்ந்திருக்கிறது, ஆனால் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வாழ்நாள் முழுக்க மருந்தா? நியூயார்க்கின் வில்லியம் கோல்ட்ரிங்கும் ஹெர்பர்ட் சேசிஸும் இதில் கடும் ஐயவாதிகள். அழுத்தம் என்ற எண்ணைக் குறைப்பது நோயைக் குணப்படுத்துவது ஆகாது, பலன் உண்டென்று காட்டும் ஒப்பீட்டு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆதாரம் இல்லை. மருத்துவர்கள் சொன்னதெல்லாம் என் நோயாளி தேறினார் என்ற வகை.

ஆய்வை எப்படிக் கட்டினார்கள்

முன்னாள் படைவீரர் நிர்வாகத்துக்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் இருந்தது. போர் முடிந்த கையோடு காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைப் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஒரே விதிப்படி சோதித்தன. ஒரு மருத்துவமனையில் போதிய நோயாளிகள் கிடைக்காத இடத்தில் பல மருத்துவமனைகள் கைகோத்தால் கிடைப்பார்கள். ஃப்ரீஸ் 1950களின் பிற்பகுதியில் இதே வழியில் மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் சிறு ஆய்வுகளை நடத்திப் பழகினார். பிறகு பெரிய கேள்விக்கு வந்தார்.

கீழழுத்தம் 90 முதல் 129 வரை உள்ள ஆண்கள். விழித்திரையில் ரத்தக் கசிவோ வீக்கமோ தெரிந்தவர்களைச் சேர்க்கவில்லை. அவர்களுக்கு மருந்து தராமல் இருப்பது கொலைக்கு ஒப்பு. சேர்ந்தவர்களை மருந்தில்லாமல் மருத்துவமனையில் வைத்துச் சில நாட்கள் அளந்தார்கள். வெள்ளைச் சட்டையைப் பார்த்த பதற்றத்தில் ஏறிய அழுத்தம் ஓய்வில் இறங்கிவிடும். இறங்காமல் நிற்பவர்தான் உண்மையான நோயாளி.

அடுத்த படிதான், என் பார்வையில், ஃப்ரீஸ் குழுவின் மேதைமை. தொந்தரவே இல்லாத ஒருவர் தினமும் மூன்று வேளை மாத்திரை விழுங்குவார் என்று எந்த மருத்துவருக்கும் உறுதி சொல்ல முடியாது. விழுங்காதவர்களை வைத்து ஆய்வு நடத்தினால், மருந்து நல்லதாகவே இருந்தாலும் பலன் தெரியாது, ஐயவாதிகள் வென்றுவிடுவார்கள். எனவே குலுக்கலுக்கு முன்பே ஒரு வடிகட்டல் வைத்தார்கள். எல்லோருக்கும் போலி மாத்திரை கொடுத்து சில மாதம் கவனித்தார்கள். அந்த மாத்திரைக்குள் ரைபோஃப்ளேவின் என்ற பி வைட்டமின் கலந்திருந்தது. அது சிறுநீரில் வெளியேறும். புற ஊதா விளக்கின் கீழ் ஒளிரும். நோயாளி வரும்போது மிச்ச மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரை விளக்கின் கீழ் பார்த்தார்கள். சொன்ன தேதிக்கு வராதவர், மாத்திரை எண்ணிக்கை ஒத்துவராதவர், சிறுநீர் ஒளிராதவர் எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். விலக்கப்பட்டவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. எஞ்சிய 523 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

மருந்துக் குழுவுக்கு, குளோரோதயசைடின் நெருங்கிய உறவான ஹைட்ரோகுளோரோதயசைடு 50 மில்லிகிராமும் ரெசர்பின் 0.1 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை நாளைக்கு இரண்டு. கூடவே ஹைட்ரலசின் 25 மில்லிகிராம் மூன்று வேளை, தேவைப்பட்டால் 50. மூன்றும் மூன்று வழியில் வேலை செய்யும்: ஒன்று உப்பையும் நீரையும் வெளியேற்றும், ஒன்று நரம்பைத் தணிக்கும், ஒன்று நாளத்தைத் தளர்த்தும். ஹைட்ரலசின் தரும் படபடப்பை ரெசர்பின் அடக்கும். ஒவ்வொன்றும் குறைந்த அளவில் இருப்பதால் பக்க விளைவும் தாங்கும்படி இருந்தது. உடலியலை அறிந்தவரும் மருந்தை அறிந்தவரும் ஒரே ஆளாக இருந்து யோசித்த கூட்டு இது.

போலி மாத்திரைக்காரர்களை என்ன செய்வது? இதற்கும் முன்கூட்டியே விதி எழுதினார்கள். பக்கவாதம் வந்தால், இதயம் தளர்ந்தால், சிறுநீரகம் கெட்டால், விழித்திரை மாறினால், அவரை ஆய்விலிருந்து எடுத்துத் தெரிந்த மருந்தைக் கொடுக்க வேண்டும். இத்தகைய விதிகள் இருந்தும் போலி மாத்திரை கொடுத்தது சரியா என்று இன்று கேட்கலாம். அன்றைய பதில்: பலன் உண்டா இல்லையா என்று நேர்மையாகவே தெரியாதபோது, எல்லோருக்கும் கொடுப்பதும் ஒரு சோதனைதான், என்ன, அதற்குக் கணக்கு வைப்பதில்லை. எனக்கு இந்தப் பதில் ஏற்புடையதே. ஆனால் 129ஐத் தொடும் கீழழுத்தத்தோடு வெறும் மாவு மாத்திரை விழுங்கிய அந்த மனிதர்களை நினைக்கும்போது முழு நிம்மதி வருவதில்லை.

இரண்டு முடிவுகள்

உயர்ந்த பிரிவில், அதாவது 115 முதல் 129 வரை இருந்தவர்களில், வேறுபாடு மிக விரைவில் வெளிப்பட்டது. மருந்துக் குழுவின் சராசரி அழுத்தம் சுமார் 187/121இலிருந்து 143/91க்கு இறங்கியது. போலி மாத்திரைக் குழுவில் அசைவில்லை. அங்கு விழித்திரைக் கசிவு, சிறுநீரகக் கேடு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் என ஒவ்வொன்றாக வந்தன. ஆய்வின் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தி, எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். வெறும் 143 பேரில், ஒன்றரை ஆண்டில், 27க்கு 2. பலன் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது புள்ளியியல் நிபுணர்கூடத் தேவையில்லை.

மீதி 380 பேருடன் ஆய்வு தொடர்ந்தது. இவர்களின் கீழழுத்தம் 90 முதல் 114 வரை. மருத்துவரிடம் போனால் பரவாயில்லை, கவலைப்படாதீர்கள் என்ற பதில் கிடைக்கும் கூட்டம் இது. சராசரியாக 3.3 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். 1970 ஆகஸ்ட் 17 அன்று முடிவு வெளியானது. போலி மாத்திரை பெற்ற 194 பேரில் 56 பேருக்குப் பெரும் பாதிப்பு. மருந்து பெற்ற 186 பேரில் 22 பேருக்கு. அழுத்தம் சார்ந்த இறப்பு 19க்கு 8. பக்கவாதம் 20க்கு 5. இதயச் செயலிழப்பு 11க்கு 0. ஐந்தாண்டுக் கணக்கில் பாதிப்பு வரும் வாய்ப்பு 55 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கியது.

ஒரு வரியில் மட்டும் மருந்து ஏறக்குறைய தோற்றது. மாரடைப்பும் அதனால் வந்த திடீர் மரணமும் சேர்த்து 13க்கு 11. அழுத்தம் நேரடியாகச் சிதைக்கும் இடங்களில், அதாவது மூளை நாளங்களிலும் களைத்த இதயத் தசையிலும், மருந்து உடனே பலன் தந்தது. இதய நாளங்களில் கொழுப்புப் படிந்து அடைப்பது அழுத்தத்தோடு இன்னும் பலவற்றின் கூட்டு வேலை. அங்கு மூன்றாண்டில் பெரிய மாற்றம் தெரியவில்லை. அந்தக் கட்டுரை இதை மறைக்காமல் எழுதியது.

அதன் பிறகு

1971இல் ஃப்ரீஸுக்கு லாஸ்கர் பரிசு கிடைத்தது. அதைவிடப் பெரிய விளைவு பரிசை நடத்தியவரால் வந்தது. மேரி லாஸ்கர் வாஷிங்டன் அதிகார வட்டத்தில் மருத்துவ ஆய்வுக்காக வாதாடிப் பழுத்தவர். ஃப்ரீஸின் எண்களைச் சுகாதாரத் துறைச் செயலர் எலியட் ரிச்சர்ட்சனிடம் கொண்டுபோனார். நம்மிடம் மருந்து இருக்கிறது, பலன் உண்டென்ற ஆதாரமும் இருக்கிறது, ஆனால் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். 1972இல் தேசிய உயர் ரத்த அழுத்த விழிப்புணர்வுத் திட்டம் தொடங்கியது. பல் மருத்துவரிடம் போனாலும், தொழிற்சாலை வாசலிலும், தேவாலய மண்டபத்திலும் கையைச் சுற்றிப் பட்டை கட்டி அளக்கும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது இதற்குப் பிறகுதான். 1970களில் அங்கு பக்கவாத மரணங்கள் வேகமாகக் குறைந்தன. அதற்கு இந்தத் திட்டம் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. பங்கில்லை என்றும் சொல்ல முடியாது.

ஃப்ரீஸ் ஓயவில்லை. 1976இல் உப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில், உணவில் உப்பு மிகக் குறைந்த சமூகங்களில் வயதோடு அழுத்தம் ஏறுவதில்லை என்பதை முன்வைத்து, நோய் வருமுன் தடுக்கும் வழி அங்கேதான் இருக்கிறது என்று வாதிட்டார். 1980களில் புதிய, விலை அதிகமான மருந்துகள் வந்தன. குளோரோதயசைடு வகையான தயசைடு மாத்திரை கொழுப்பைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைத்து இதயத் துடிப்பைக் குலைக்கும் என்ற குற்றச்சாட்டுகளும் கூடவே எழுந்தன. அவற்றில் பெரும்பகுதி மிகை என்று ஃப்ரீஸ் விடாமல் எழுதிவந்தார். பழைய மாத்திரையின் மேல் அவருக்குப் பிடிவாதமான பாசம் என்று சிலர் நினைத்திருக்கலாம். 2002 டிசம்பரில் ஆல்ஹாட் என்ற பேராய்வு வந்தது. 33,357 பேர், தயசைடு வகையைச் சேர்ந்த குளோர்தாலிடோனைப் புதிய மருந்துகள் இரண்டோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. மாரடைப்பைத் தடுப்பதில் புதியவை மேலாக இல்லை. ஃப்ரீஸுக்கு அப்போது 90 வயது. 2005இல் காலமானார்.

குறைகள்

முன்னோடி என்ற சொல்லைக் கொஞ்சம் கவனத்தோடு கையாள வேண்டும். இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டில் மைக்கேல் ஹாமில்டன் 1964இலேயே லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஒப்பீட்டு ஆய்வு வெளியிட்டார். 61 பேர், மருந்து பெற்ற ஆண்களுக்குப் பக்கவாதம் குறைந்தது. சிறியது, போலி மாத்திரை மறைப்பு இல்லாதது, ஆதலால் எதிரிகளை வாயடைக்கப் போதவில்லை. ஆனால் வரிசையில் முன்னே நிற்பது அதுதான்.

மாத்திரை விழுங்குபவர்களை மட்டும் வடிகட்டி எடுத்ததால் மருந்தின் ஆற்றல் தெளிவாகத் தெரிந்தது. ஊரில் உள்ளபடி மனிதர்களுக்கு எழுதிக் கொடுத்தால் எவ்வளவு பலன் என்பது அதனால் தெரியாது. இரண்டும் வேறு கேள்விகள். 1979இல் 10,940 பேரை வைத்து நடந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு இந்த இரண்டாவது கேள்விக்குப் போனது. முறையாகத் தேடிப்பிடித்து மருந்து கொடுத்த குழுவில், வழக்கமான மருத்துவருக்கு அனுப்பிய குழுவைவிட ஐந்தாண்டில் 17 சதவீதம் குறைவாக இறந்தார்கள். ஃப்ரீஸின் எண்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 17 சிறிது. நடைமுறை வாழ்க்கையின் எண் அதுதான். 90 முதல் 104 வரை உள்ளவர்களுக்கு மருந்து தேவையா என்பதில் ஃப்ரீஸ் ஆய்வு விட்டுப்போன மங்கலையும் அது ஓரளவு தீர்த்தது.

பெரிய குறை பெண்களைப் பற்றியது. முன்னாள் படைவீரர் மருத்துவமனை என்பதால் 523 பேரும் ஆண்கள். கறுப்பின அமெரிக்கர்கள் கணிசமாக இருந்தார்கள், அந்த வகையில் அன்றைய பல ஆய்வுகளைவிட இது மேல். பெண் ஒருவர்கூட இல்லை. ஆண்களிடம் கண்ட பலன் பெண்களுக்கும் பொருந்தும் என்று மருத்துவர்கள் ஊகித்து எழுதிக் கொடுத்தார்கள்.

மற்றொன்று, கீழழுத்தத்தின் மேல் வைத்த கண். கீழே உள்ள எண்தான் ஆபத்தைச் சொல்கிறது, மேலே உள்ளது வயதானால் ஏறத்தான் செய்யும் என்பது அந்தத் தலைமுறையின் பாடம். ஃப்ரீஸ் குழுவும் அந்தப் பாடத்தைக் கேள்வி கேட்கவில்லை. நுழைவு விதி முழுக்கக் கீழழுத்தத்தை வைத்தே எழுதப்பட்டது. 1991இல் ஷெப் என்ற ஆய்வு, 60 வயது தாண்டிய 4,736 பேரை எடுத்தது. மேலழுத்தம் 160க்குக் குறையாதவர்கள், கீழழுத்தம் 90க்குக் கீழே. பாதிக்கு மேல் பெண்கள். குறைந்த அளவு குளோர்தாலிடோனில் தொடங்கிக் கொடுத்ததில் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. ஃப்ரீஸின் நுழைவு விதிப்படி அந்த 4,736 பேரில் ஒருவருக்கும் மருந்தோ போலி மாத்திரையோ கிடைத்திருக்காது. கீழழுத்தத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.